‘அப்படியே அனுபவம்’ என்ற பாராட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவிலிருந்து போனவர் நாவல் எழுதினால், ‘அனுபவம் அப்படியே வந்திருக்கிறது’ என்று பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படியே வந்தால் அதுதான் சிக்கல். பத்து வயதில் ரங்கூனை விட்டவருக்கு மொகல் தெரு வாசனை நினைவிருக்கும், அப்பாவின் வரவு செலவு தெரியாது. அதனால் பாத்திரங்கள் வக்கணையாக மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுவார்கள்; காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது.

பணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1964 மே மாதம் பர்மாவில் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போயின. 1965இல் கப்பலேறும் தாய் நூறு சாட் நோட்டைச் சேலை ஓரத்தில் வைத்துத் தைத்தால், தைத்தது வெறும் காகிதம்.

1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி இந்தியர்கள் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்த நடைப்பயணமும் அப்படித்தான். எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு மார்ச்சில் நடந்தவருக்குத் தாகமும் காலராவும். மே கடைசியில் நடந்தவருக்கு மழையும் சேறும் மலேரியாவும். பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கலந்து எழுதும்போது எல்லாம் ஒரே வாரத்தில் நடந்துவிடுகிறது!

பர்மாவில் பெயருக்கு முன் மரியாதைக்காக இளைஞரை ‘கோ’ என்போம், வயது ஏறினால் ‘ஊ’. முப்பது ஆண்டு கழித்தும் ஊரார் ஒருவரை ‘கோ’ என்றே கூப்பிட்டால், எழுத்தாளர் எந்த ஆண்டில் ஊரை விட்டார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், மோல்மேன்