நார்தம்பர்லாந்திலிருந்து ராஜிக்கு

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனது ஒரு நிலைக்கு வந்தது. வலிக்கிறது என்று சொல்லிப் பயிற்சியைப் பாதியில் விடப் பார்ப்பார், இடம் கொடுக்காதே. நீ சொன்னால் கேட்கமாட்டார் என்றால் நான் சொன்னதாகச் சொல்.

காவ்யா விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸ் வேலைக்கு லண்டன் பக்கம் போவதா, நான் நர்ஸாக இருக்கிற பக்கம் வருவதா என்று யோசிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். "படத்தில் பார்த்தால் ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே மனுஷர் இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டாளாமே. சரியான கேள்வி. இங்கே பதினைந்து நிமிஷம் காரில் போனாலே அதுதான் தோன்றும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவளிடமும் காட்டு.

நார்தம்பர்லாந்து இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை. மேலே ஸ்காட்லாந்து, கிழக்கே வடகடல். இரண்டு நாடுகளும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்ட எல்லை என்பதால் எங்கே திரும்பினாலும் கோட்டைதான். பாம்பரோவில் கடற்கரையை ஒட்டிய கரும்பாறையின் மேல் ஒரு பெரிய கோட்டை உட்கார்ந்திருக்கிறது. கிராஸ்டர் என்ற மீனவர் கிராமத்திலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை வரும். 1313இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கியது. ராஜாவை எதிர்த்த அவர் 1322இல் தலையை இழந்தார். இன்று மிஞ்சியிருப்பது இடிந்த கோபுரமும் சுவர்களும்தான், சுற்றிலும் ஆடு மேய்கிறது. அதுவரை கார் போகாது, நடந்துதான் போகவேண்டும். எனக்குக் கோட்டைகளிலேயே பிடித்தது அதுதான்.

ஆனால் கோட்டையைப் பார்த்து யாரும் ஓர் ஊரில் காலம் தள்ள முடியாது. இங்கே வாழ்க்கையை நடத்துவது கடல். லிண்டிஸ்ஃபார்ன் தீவை எடுத்துக்கொள். 635இல் எய்டன் என்ற துறவி வந்து மடம் அமைத்த இடம். 793இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினார்கள், ஐரோப்பா முழுக்க அந்தச் செய்தி அதிர்ச்சியைக் கிளப்பியது. அந்த மடத்தில் உருவான, ஆயிரத்து முந்நூறு வருஷம் பழைய, வண்ணச் சித்திரங்கள் நிறைந்த சுவிசேஷ ஏடு இன்றைக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது வடக்கேயே இருக்கவேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்களில் பலர் இன்னும் கேட்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். செய்த இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் அது ஏன் இருக்கவேண்டும்?

அந்தத் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு தடவை கடலுக்குள் போய்விடும். அங்கே யாருக்காவது கட்டு மாற்றவேண்டும் என்றால் நாங்கள் முதலில் எடுப்பது டயரியை அல்ல, கடலின் ஏற்றவற்ற நேரப்பட்டியலை. எந்த மணியிலிருந்து எந்த மணிவரை சாலை திறந்திருக்கும் என்று அதில் போட்டிருக்கும். தண்ணீர் வற்றிய கொஞ்ச நேரத்தில் போனால் தார்ச்சாலை முழுக்கக் கடற்பாசி வழவழவென்று கிடக்கும், இரண்டு பக்கமும் ஈர மணல் வானத்தைக் காட்டும். வழியில் மரக்கால்களின் மேல் ஒரு வெள்ளைக் கூண்டு நிற்கிறது, ஏணி வைத்தது. நேரம் பார்க்காமல் வந்து மாட்டிக்கொள்பவர்கள் காரை விட்டுவிட்டு அதில் ஏறி உட்காரத்தான் அது. எத்தனை பலகை வைத்தாலும் ஒவ்வொரு வருஷமும் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது சீஹவுசஸ் ஊரிலிருந்து உயிர்காப்புப் படகுக்காரர்கள் போகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அழைப்பு வந்த நிமிஷம் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். மனுஷர் இருக்கிறார்களா என்று கேட்டாளே, இவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

இந்தக் கரையில் அது பழைய வழக்கம். 1838 செப்டம்பர் 7, விடிகாலை. ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் ஃபார்ன் தீவுகளின் பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், 22 வயது, ஜன்னல் வழியாகப் பாறையில் ஆட்கள் இருப்பதைப் பார்த்தாள். கரையிலிருந்து படகு வரமுடியாது என்று நினைக்கிற அளவுக்குப் புயல். அப்பாவும் மகளும் ஒரு சின்னத் துடுப்புப் படகில் போனார்கள். அப்பா பாறையில் குதித்து ஆட்களை ஏற்றும்வரை, அந்த அலையில் படகு பாறையில் மோதாதபடி அவள் ஒருத்தியாகத் துடுப்புப் போட்டுப் பிடித்திருந்தாள். பாறையில் உயிரோடு இருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஓர் அம்மா, இறந்துபோன இரண்டு குழந்தைகளை விடாமல் பிடித்திருந்தாள். ஒன்பது பேரும் கரைசேர்ந்தார்கள். அதற்குப் பிறகு நாடே அவளைக் கொண்டாடியது, அவள் தலைமுடியில் ஒரு கற்றை வேண்டும் என்றுகூடக் கடிதம் எழுதினார்களாம். நான்கே வருஷத்தில் காசநோயில் போய்விட்டாள். பாம்பரோ அருங்காட்சியகத்தில் அந்தப் படகை வைத்திருக்கிறார்கள். படகின் விளிம்பு எவ்வளவு தாழ்வு என்று பார்த்தால்தான் அவள் செய்த காரியம் புரியும்.

சரி, இனி மனதை உறுத்துகிற விஷயம். அழகே இந்த ஊர்களுக்கு வினையாகிவிட்டது, ராஜி. பீட்னல், பாம்பரோ போன்ற கடலோர ஊர்களில் வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு வாங்கிப்போடுகிறார்கள். ஆகஸ்டில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. ஜனவரியில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், தெருவில் வரிசையாக ஜன்னல்கள் கறுப்பாக நிற்கும். நான் கால் புண்ணுக்குக் கட்டுப்போடப் போகும் ஒரு பாட்டி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைக்கும்போது அவர் எதிர்வரிசையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வருவார்: இது மீன்காரர் வீடு, இது தபால்காரர் வீடு, இதில் என் தங்கை இருந்தாள். இப்போது எல்லாவற்றின் கதவிலும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகச் சாவிப்பெட்டி, எண்ணை அழுத்தினால் திறப்பது. ராத்திரி விழுந்துவிட்டால் கூப்பிட அந்த வரிசையில் ஓர் ஆள் இல்லை. நர்ஸாக எனக்கு அதுதான் பயம்.

மக்கள் சும்மா இல்லை. 2018இல் பாம்பரோ, சீஹவுசஸ், பீட்னல் மூன்றுக்குமாக ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். புதிதாகக் கட்டும் வீடு நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று அதில் நிபந்தனை. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் வீடுகளை அது தொடாது. உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு கிடைக்காமல் வெளியேறுவதைப் பார்க்கும்போது, சட்டம் இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே போனால் முகமே வேறு. ஆஷிங்டன் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊர்கள், எல்லாம் மூடியாகிவிட்டன. லைன்மத் கடற்கரை மணலில் கரித்துண்டு இன்னும் ஒதுங்குகிறது. ஆஷிங்டனிலிருந்து நியூகாசில் நகரத்துக்குப் போகும் பயணிகள் ரயிலை 1964இல் நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் திரும்ப விட்டபோது ஊரே கொண்டாடியது. காவ்யா வந்தால் அந்தப் பக்கம் வாடகை குறைவு, சனங்களும் கலகலப்பு. கோட்டை பார்க்க வருகிறவர்கள் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, பாவம்.

சாப்பாடு பற்றிக் கேட்டாய். கிராஸ்டரில் ஹெர்ரிங் மீனை ஓக் மரத்தூள் புகையில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டு வாட்டுகிறார்கள். ஹெர்ரிங் நம் மத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள். முள் அதிகம், எண்ணெய் அதிகம். நான் அதைப் பிய்த்துப்போட்டு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து வதக்கிப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறேன். உப்பு மட்டும் போடாதே, அதிலேயே இருக்கிறது.

காவ்யாவுக்கு என் பதில்: வரட்டும். ஜூனில் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம், ஃபார்ன் தீவுகளில் பஃபின் பறவைக் கூட்டம். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கு முன்பே சூரியன் போய்விடும், முதல் குளிர்காலத்தில் மனசு சோர்ந்துதான் போகும். அதைத் தாண்டிவிட்டால் இந்த ஊர் அவளை விடாது. ஆட்டுப்பண்ணையிலும் கடலோர வீட்டிலும் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அவளைப் போன்ற பிள்ளைகள் வேண்டும்.

கிளம்புவதற்கு முன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல். இங்கே பஸ்ஸை நம்பி வீடுவீடாகப் போக முடியாது. நம் ஊர் லைசென்ஸை வைத்து முதல் ஒரு வருஷம் ஓட்டலாம், அதற்குள் இங்கே தேர்வு எழுதி வாங்கிவிடவேண்டும். முதல் மாதம் என் வீட்டிலேயே தங்கட்டும், மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அவளுடைய சான்றிதழ்களை அனுப்பு, விண்ணப்பத்தை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அப்புறம், அண்ணனுக்கு முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மல்லிகா