எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். வழமையான கூட்டங்கள் நடந்தன, வாசிகசாலைக் கூரையில் ஒழுகிய தகரத்தை மாற்றியாயிற்று, கணக்கைப் பொருளாளர் சொல்வார். நான் ஜனவரிக் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்று அந்தமானின் போவா சீனியர் என்ற பாட்டியைப் பற்றிப் பேசினோம். போ மொழி தெரிந்த கடைசி ஆள் அவர், 2010 ஜனவரி 26 அன்று சுமார் 85 வயதில் இறந்தார். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்த, போ மக்களும் சேர்ந்த பெரிய அந்தமானியர் என்ற பழங்குடியினர் நோயிலும் மோதலிலும் செத்து, கடைசியில் ஐம்பது பேரளவுக்கு வந்துவிட்டார்கள். 2004 சுனாமியில் தப்பிய அந்த மனுஷிக்கு, பெற்றோர் போன பிறகு முப்பது நாற்பது வருடமாக அவர் மொழியில் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பறவைகளோடு பேசுவாராம். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்ததால் குரலாவது மிஞ்சியது. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கே இலங்கை மலையகத்திலிருந்து நிக்கோபாரின் கச்சல் தீவு ரப்பர் தோட்டத்துக்குப் போன நம் குடும்பங்களும் உண்டு என்பதால், அந்தமான் என்றதுமே பெரியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தமிழுக்கு அந்த நிலை இல்லை, இரண்டையும் ஒன்றாக வைப்பது அந்தப் பாட்டிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் நம் மலையகத் தோட்டப் பாட்டுக்கு அந்த நிலை பக்கத்தில் வந்துவிட்டது. மாசியில் ஆடும் காமன் கூத்தின் லாவணிப் பாட்டு தெரிந்த பெரியவர் ஒருவரிடம் "மழை விடட்டும் தாத்தா, வருகிறோம்" என்று தள்ளிப்போட்டோம், மாசி வருவதற்குள் அவர் போய்விட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் மார்ச் மாதமே தோட்டத்து வரிசை வீடான தொங்கல் லயத்தில் இருந்த ஆயா ஒருவரிடம் பாட்டைப் பதிவு செய்யப் போனோம். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார வைத்து போனை நீட்டினால் அவருக்கு ஒரு வரியும் வரவில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்துக் காம்பராவில் இருந்த இன்னொரு ஆயா வந்து, "என்னாடி, கொழுந்து எடுக்கிற நிரையில நின்னு என்னைய ஏசிப் பாடுவியே, அத எடு" என்றார். அவ்வளவுதான். இவர் ஒரு வரி, அவர் எதிர் வரி என்று இருட்டும்வரை போனது, போனில் சார்ஜ்தான் தீர்ந்துபோனது.

இனி யாரையும் தனியாக உட்கார வைத்துப் பதிவு செய்வதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குக்குப் போகிறோம். சார்ஜ் ஏற்றிய போன் இரண்டு வேண்டும், வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்