மொத்தக் கணக்கை யார் பார்ப்பது? டர்பன் மாநகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் நிலத் திட்டமிடல் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

டர்பனில் எங்கே வீடு வரலாம், எங்கே கிடங்கு வரலாம், எந்த நிலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் நகர நிலத்திட்டம் ஆண்டுதோறும் மறுபார்வைக்காக உங்கள் மேசைக்கு வருகிறது. அதன் கீழ் உள்ள நிலப் பயன்பாட்டு விதிகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது திருத்திப் பார்த்தே ஆக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம், நாம் எல்லோரும் ஸ்ப்ளூமா என்று சொல்கிற நிலத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம், கட்டளையிடுகிறது. அந்த மறுபார்வையைப் பற்றித்தான் இந்த மடல். நான் தெற்கு டர்பனில் உள்ள மெரேபேங்க்வாசி. இதே கருத்துகளை ஆங்கிலத்தில் முறைப்படி உங்களிடம் தரப்போகிறேன். தமிழிலும் எழுதுவது, இந்த நிலத்திட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தூக்கி ஓரிடத்தில் வைத்து, பிறகு அங்கிருந்தும் தூக்கிய நம் மக்கள் இதைச் சேர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக.

நான் கேட்பது ஒன்றுதான். கிடங்குக்கு ஓர் அறிக்கை, சாலைக்கு ஓர் அறிக்கை, குடியிருப்புக்கு ஓர் அறிக்கை என்று தனித்தனியாகச் சுற்றுச்சூழல் மதிப்பீடு வாங்கி ஒப்புதல் தருவதோடு நிறுத்தாதீர்கள். ஓர் ஆற்றுப் படுகையில் இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன என்று நகரத் திட்டத்திலேயே கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கை மக்கள் முன் வையுங்கள். அது வரும்வரை தாழ்நிலங்களில் புதிய மண்டல மாற்றம் (ஒரு நிலத்துக்கு அனுமதித்த பயன்பாட்டை மாற்றுவது) எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பழைய காரணங்கள் உண்டு.

உம்கேனி ஆற்றங்கரையில் ஸ்ப்ரிங்ஃபீல்டு சமவெளி. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, காய்கறி போட்டுப் பிழைத்த நம் ஆட்கள் அங்கே தகரக் குடிசைகளில் இருந்தார்கள். 1917 அக்டோபர் கடைசியில் ஆறு கரை உடைத்து வந்தது. மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் மீன்பிடி படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 176 பேரை மீட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த வீரத்தைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அத்தனை பேர் ஏன் ஆற்றின் வாயிலேயே குடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்டு நிலம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். 1976 மார்ச்சில் அதே இடத்தில் மறுபடியும் வெள்ளம். இந்த முறை குடும்பங்களை நகரின் வடக்கே உள்ள ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். இடையில் 58 ஆண்டுகளுக்கு மேல் போயிருந்தன. ஆறு எதுவரை வரும் என்று அத்தனை ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தச் சமவெளியில் கடைகளும் கிடங்குகளும் கார் நிறுத்துமிடங்களும் நிற்கின்றன. மழை நீரை உறிஞ்ச அங்கே இப்போது மண் எவ்வளவு மிச்சம்?

அப்புறம் எங்கள் தெற்குப் பக்கம். 1950களின் தொடக்கத்தில் விமான நிலையத்துக்காக உம்லாஸ் ஆற்றைத் திருப்பி, கான்கிரீட் கால்வாய் வழியாக நேரே கடலுக்கு விட்டார்கள். இசிப்பிங்கோ கழிமுகத்துக்கு வந்துகொண்டிருந்த நீர் பெரும்பாலும் நின்றுபோனது. அலையாத்தி மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டை. 1954இல் மெரேபேங்க் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1963இல் இன்னொன்று, பிறகு காகித ஆலை. இவற்றுக்கு நடுவேதான் இந்தியர்களுக்கு வீட்டுமனை ஒதுக்கினார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் போட்டவர்களின் வரைபடத்தில் நாங்கள் காற்றடிக்கும் திசையில் வைக்கப்பட்டோம். 2000களின் தொடக்கத்தில் மெரேபேங்க் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பதாகத் தெரிந்தது. பையில் புத்தகத்தோடு இன்ஹேலரையும் போட்டு அனுப்பும் பெற்றோருக்கு அந்த ஆய்வு புதிய செய்தி இல்லை. 2020 டிசம்பர் 4 காலையில், 1954இல் வந்த அந்த எண்ணெய் ஆலையில் வெடிப்பும் தீயும். அதன் பிறகு சுத்திகரிப்பு நின்றது. ஆனால் அந்த நிலம் இனி எதற்கு என்ற கேள்வி உங்கள் திட்டத்துக்குள்தான் வர வேண்டும். எண்ணெய்த் தொட்டிகளின் நிலத்தை எப்படிச் சுத்தம் செய்வது, அடுத்து அங்கே என்ன வரலாம், என்ன வரவே கூடாது என்பதை ஆலைக்காரர் விண்ணப்பம் போடும்வரை காத்திருந்து முடிவு செய்யாதீர்கள்.

கிளேர்வுட்டைப் பார்க்கும் யாருக்கும் மனம் கனக்கும். காய்கறித் தோட்டமும் கோவிலும் பள்ளியும் கடைத்தெருவுமாக இருந்த ஊர் அது. தொழில் மண்டலம் என்று பெயர் போட்டார்கள். முருகன் கோவில் இன்னும் இருக்கிறது, காவடியும் நடக்கிறது. ஆனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கன்டெய்னர் அடுக்குகிறார்கள். துறைமுக லாரிகள் குடியிருப்புத் தெருக்களில் ஓடுகின்றன. கிளேர்வுட் குதிரைப் பந்தயத் திடல் 2012இல் விலை போனது. மழைநீரை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் மிஞ்சியிருந்த பெரிய பசுமை நிலம் அது. பகுதி மக்கள் எதிர்த்தார்கள், மேல்முறையீடு செய்தார்கள். இன்று அங்கே சரக்குக் கிடங்கு வளாகம்.

இந்த ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காகிதம் இருக்கலாம், ஒப்புதல் இருக்கலாம். தீபாவளியன்று சர்க்கரை வியாதிக்காரர் போகிற ஒவ்வொரு வீட்டிலும் “ஒரே ஒரு லட்டுதானே” என்று கொடுப்பார்கள். எந்த வீட்டுக்காரரும் தப்பு செய்யவில்லை, ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடப்பது அவர்தான். தெற்கு டர்பனின் நிலை இதுதான். ஒரு கிடங்கின் அறிக்கை அந்தக் கிடங்கின் கூரையிலிருந்து ஓடும் நீரைக் கணக்கிடும், அதன் வாசலுக்கு வரும் லாரிகளைக் கணக்கிடும். மேட்டில் ஏற்கெனவே நிற்கும் இருபது கூரைகளின் நீர் அதே கால்வாயில் வருவதைச் சேர்த்துக் கூட்ட யாருக்கும் கட்டாயம் இல்லாததுபோல் அறிக்கைகள் எழுதப்படுகின்றன. நான் படித்த அறிக்கைகளில் கூட்டுத் தாக்கம் என்ற தலைப்பு உண்டு. அதன் கீழே இரண்டு பத்தி இருக்கும், எண் ஒன்றும் இருக்காது.

அந்தக் கூட்டுத்தொகை 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வந்தது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் நம் நகரத்தில். பிராஸ்பெக்டனில் கார் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே அழிந்து, குழாய் வறண்டு, மக்கள் மாதக்கணக்கில் வாளியோடு லாரி வரக் காத்திருந்தார்கள். பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்பு இது நடந்தது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு வரும் கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அந்த மழை மூன்று நாள் தள்ளிப் பெய்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட மழை முன்பு சுமார் 40 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியது என்றும், பூமி சூடானதால் இப்போது சுமார் 20 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியது என்றும் அந்த வெள்ளத்துக்குப் பின் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், சராசரியாக நூறாண்டுக்கு ஒரு முறை நீர் எட்டக்கூடிய உயரத்தை மனைப்பிரிவு வரைபடத்தில் காட்டாமல் குடியிருப்பு அமைக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் மழை மாறிவிட்டது, மேட்டில் கான்கிரீட் கூடிவிட்டது. பழைய மழைக் கணக்கில் வரைந்த வெள்ளக் கோட்டை நம்பி இன்று ஒருவருக்கு மனை விற்கலாமா? ஒவ்வொரு ஆற்றுக்கும் கோட்டைப் புதிதாக வரையுங்கள். உம்கேனி, உம்பிலோ, உம்லதுசானா, உம்லாஸ், பால்மியட், டொங்காட்டி எதுவும் விடுபட வேண்டாம்.

வெள்ளம் மட்டுமே என் கவலை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னூபியாவில் ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தது. பல நாள் புகை. தீயணைத்த நீரோடு விஷமும் ஓடைக்குள் இறங்கி உம்லாங்கா காயலுக்கும் கடலுக்கும் போனது. மீன்கள் செத்து ஒதுங்கின, வடக்குக் கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தீ வைத்தவர்கள் குற்றவாளிகள்தான். ஆனால் அவ்வளவு ரசாயனம் குடியிருப்புகளுக்கும் ஓடைக்கும் அவ்வளவு பக்கத்தில் இருக்கலாம் என்று ஆக்கியது நிலப் பயன்பாட்டு முடிவு. “கிடங்கு” என்ற ஒரே வகையில் சோப்பும் பூச்சிமருந்தும் ஒன்றாகிவிடக் கூடாது. என்ன வைக்கிறார்கள், எவ்வளவு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மண்டல விதி மாற வேண்டும்.

நான் கேட்பது சட்டத்தில் இல்லாத ஒன்றும் இல்லை. நகராட்சியின் நிலத்திட்டத்தில் சுற்றுச்சூழல் மீதான அழுத்தங்களைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீடு இருக்க வேண்டும், எந்தெந்த இடம் நொய்யது என்று அது காட்ட வேண்டும் என்று ஸ்ப்ளூமாவின் 21ஆம் பிரிவே சொல்கிறது. உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சூழலில் வாழும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. ஒட்டுமொத்த மதிப்பீடு என்றால் நான்கு பக்கமும் வண்ணப் படமும் இல்லை. ஆற்றுப் படுகை வாரியாக எவ்வளவு நிலம் மூடப்பட்டுவிட்டது, கால்வாய்கள் எவ்வளவு நீர் தாங்கும், கழிவுநீர் நிலையங்களில் இன்னும் எத்தனை வீட்டுக்கு இடம் இருக்கிறது, காற்றில் என்ன இருக்கிறது என்று எண்ணோடு சொல்வது.

உங்கள் மாநகராட்சிக்கு இதைச் செய்யும் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டி-மாஸ் என்ற திறந்தவெளி வலையமைப்பை உருவாக்கியதே டர்பன்தான். ஓடைகள், காடு, புல்வெளி, ஈரநிலம் சேர்ந்து பல்லாயிரம் ஹெக்டேர். 2010 கடைசியில் அதை நகரத் திட்ட விதிகளுக்குள்ளேயே கொண்டுவந்தீர்கள். உலகத்தில் பல நகரங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு குடிசைப் பகுதியில் மக்களும் பல்கலைக்கழகமும் உங்கள் அதிகாரிகளும் சேர்ந்து அமைத்த வாட்ஸ்அப் எச்சரிக்கை வலை 2022 வெள்ளத்தில் ஆட்களை முன்னாலேயே வெளியேற்றி உயிர்களைக் காப்பாற்றியது. இந்த அறிவெல்லாம் ஓர் அறையில் இருக்கிறது, மண்டல மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடும் மேசை வேறு அறையில் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். டி-மாஸ் எல்லைக்குள் விலக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும், அதற்கு முன் அதே ஓடையில் எத்தனை விலக்குகள் கொடுக்கப்பட்டன என்ற பட்டியலோடு மன்றத்துக்கு வரட்டும்.

வேலைவாய்ப்பு பற்றிச் சொல்வீர்கள். எனக்கும் தெரியும்; சாட்ஸ்வர்த்திலும் உம்லாசியிலும் வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். துறைமுகம் வேண்டாம், தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிராஸ்பெக்டனில் வெள்ளத்தால் நின்றுபோன ஷிப்டுகளும் வேலைவாய்ப்புதானே? ஆற்றின் இடத்தில் கட்டிய தொழிற்சாலை ஆற்றின் தயவில்தான் ஓடும். மேட்டு நிலத்தில், ரயில் பாதை பக்கத்தில் இடம் பாருங்கள். துறைமுகச் சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்குத் திருப்பும் பேச்சை மத்திய அரசோடு சேர்ந்து முன்னெடுங்கள்.

நம் கோவில் கமிட்டிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வரைவுத் திட்டம் வெளியானால் கருத்துச் சொல்ல 60 நாள் சட்டப்படி உண்டு. புரட்டாசி விரதத்துக்கும் காவடிக்கும் கூடும் நாம் அந்த 60 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து வரைபடத்தைச் சுவரில் மாட்டலாம். வயதானவர்களைக் கேளுங்கள்; 1976இல், 1987இல், 2019இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கைகாட்டிச் சொல்வார்கள். அதை எழுதி, தெருப் பெயர் போட்டு அனுப்புங்கள். ஜூலு பேசும் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். நீர் வந்தால் உம்லாசிக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் எல்லை பார்த்து வராது.

மன்ற உறுப்பினர்களே, அந்த 60 நாள் வெறும் சடங்காகிவிடாமல் இருக்க நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. கூட்டத்தை வேலை நாள் காலை பத்து மணிக்கு வைக்காமல் மாலையில், அந்தந்த வார்டிலேயே வையுங்கள். ஒருவர் தன் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெரிய வரைபடம் கொண்டுவாருங்கள். அதில் புதிய வெள்ளக் கோடும், டி-மாஸ் எல்லையும், நிலுவையில் உள்ள மண்டல மாற்ற விண்ணப்பங்களும் ஒன்றாகத் தெரியட்டும். ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் விளக்குங்கள். வரும் கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அச்சிட்டு நூலகங்களில் வையுங்கள். மெரேபேங்க், கிளேர்வுட், இசிப்பிங்கோ மூன்றையும் முதல் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அதிகம் இருக்கும் இடம், காயம் அதிகம் பட்ட இடமும் அதுதான். எந்தக் காலாண்டுக்குள் அதை முடிப்பீர்கள், எந்த அதிகாரி பொறுப்பு என்பதை அடுத்த மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்து, எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெரேபேங்க்வாசி ஒருவன்