லெந்துக்கு முன் போதகர் ஐயாவுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் ஒரு மடல்

போதகர் ஐயாவுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து வரப்போகிறது. வனாந்தரத்தில் இயேசு 40 நாள் சோதிக்கப்பட்டதைப் பற்றிப் பிரசங்கம் கேட்போம். அப்புறம் சினிமா, குடி, சீரியல் என்று விட வேண்டியவற்றின் பட்டியல் வரும். இத்தனை வருடமாகத் தலையாட்டிக் கேட்டவன், இந்த முறை என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வந்த ஆலயப் பணம் 14,000 ரூபாய் மறுநாள் பேங்கில் கட்டுவதற்காக என் கணக்கில் இருந்தது. பெல்லந்தூரில் நைட் ஷிப்ட் முடித்து கேபில் ஏறினேன். அந்த வாரம் போனில் ரம்மி ஆடி 6,000 ரூபாய் விட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இருவரும் தூக்கம். 'பணம் சேர்' என்ற பச்சைப் பொத்தானுக்கு மேல் என் கட்டைவிரல். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 900 ரூபாய்க்கு எடுத்த பாட்டியின் முகம் வந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தேன்: விடிவதற்குள் ஜெயித்துத் திருப்பி வைத்துவிடலாம்.

1 கொரிந்தியர் 10:13 சண்டே ஸ்கூலில் நான் பரிசு வாங்கிய வசனம். சோதனையோடுகூட அதற்குத் "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்கிறது. அன்றைக்கு அந்தப் போக்கு ஒரு போன் கால். வாலிபர் கூட்டத்தில் பழக்கமான ஓர் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி இரண்டரை. அவர் அறிவுரையே சொல்லவில்லை. "பணத்தை இப்பவே எனக்கு அனுப்பு தம்பி. போனை மட்டும் வச்சிடாதே" என்றார். லிங்கராஜபுரம் வரும்வரை லைனில் இருந்தார். நடுவில் குறட்டைகூடக் கேட்டது.

உங்களை ஏன் கூப்பிடவில்லை? அதற்கு முந்தின வருடம் ஒரு பையன் தன் போன் பழக்கத்தைப் பற்றித் தானாக வந்து சொன்னான். அடுத்த ஞாயிறே பாடகர் குழுவில் அவன் இடம் காலி. இப்போது ஆலயத்துக்கே வருவதில்லை. அதைப் பார்த்த எங்களில் யார் வாய் திறப்போம்?

பணம் கையாடியவனைப் பொருளாளராக வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. விழுந்துகொண்டிருப்பவன் கை நீட்டும்போது பிடியுங்கள் என்கிறேன். "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்றுதானே வாராவாரம் சேர்ந்து ஜெபிக்கிறோம்? அங்கே 'என்னை' என்று இல்லையே. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதும் யாக்கோபு 5:16தான்.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தபோது கமிட்டியில் சிலர் 'அப்பாடா' என்றார்கள். நானும்தான். ஆனால் விரலுக்குப் பழகிய அரிப்பு சட்டத்தோடு போகவில்லை. பிசாசு இயேசுவையே "சிலகாலம்" மட்டும்தான் விட்டு விலகினான் என்று லூக்கா எழுதியிருக்கிறார்.

கேட்பது ஒன்றுதான். லெந்தில் ஒரு புதன்கிழமை வெளியூர்ப் பிரசங்கியார் வேண்டாம். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். பேசியது எதுவும் கமிட்டி மினிட்ஸில் ஏறக் கூடாது. சமையல்கட்டுப் பேச்சாகவும் ஆகக் கூடாது. முதல் ஆளாக உட்கார நான் தயார். எதிரில் போதகர் ஐயாவே உட்கார்ந்தாலும் சரி. அவருக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்தானே.

இப்படிக்கு,
உங்கள் சபையார் ஒருவன்,
பெங்களூரு