சவர்க்காரமும் சர்க்கரையும்

திருச்சி,
நவம்பர் 2025

அன்புள்ள ஜூட்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு எதற்குக் கடிதம் என்று என் மகன் கேட்கிறான். நம்மைத் தனித்தனி அகதி முகாமில் போட்டிருந்த அந்த இரண்டு வருஷமும் இன்லேண்டு லெட்டரில் மடிப்பு ஓரம் வரைக்கும் நுணுக்கி எழுதுவோமே, அது அவனுக்கு எங்கே தெரியும். இங்கே மழை. சுவர் காயாது, அதனால் நாலு நாளாக பெயிண்ட் வேலை இல்லை. பேனா எடுக்க நேரம் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் இலங்கைக்குத் திரும்பிப் போனதிலிருந்து உன் மகள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதே இல்லை என்று எழுதியிருந்தாய். 'ரொம்ப', 'அப்புறம்' என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் 'படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள்' என்று சிரிக்கிறார்களாம். வாசித்ததும் எனக்கும் சிரிப்புத்தான் முதலில் வந்தது, குறை நினைக்காதே. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நாம் இங்கே பட்டதை அவள் அங்கே படுகிறாள். பாவம், நமக்காவது நம்மைப் போல இருபது பேர் வகுப்பில் இருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? கணக்கு வாத்தியார் பலகையில் ஏதோ போட்டுவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். நான் எழும்பி நின்று மரியாதையாக, 'சேர், எனக்கு விளங்கேல்லை' என்றேன். வகுப்பு அப்படியே கொல்லென்று சிரித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'நீ எங்கடா விளங்கப் போற' என்றார். நம் ஊரில் 'விளங்குது' என்றால் புரிகிறது. இங்கே விளங்காதவன் என்றால் உருப்படாதவன். அது தெரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதுவரை அந்த மனுஷன் என் எதிர்காலத்தைப் பற்றி ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு முந்திய கதை சவர்க்காரம், இங்கத்தைய சோப்பு. வந்த புதிதில் அம்மா காசு கொடுத்து, சவர்க்காரம் வாங்கிக்கொண்டு கெதியா வா என்று அனுப்பினார். கடைக்காரர் அரைக்கிலோ சர்க்கரை கட்டிக் கொடுத்துவிட்டார். மாற்றித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு யாரும் குளிக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் நல்ல இனிப்பாக இருந்தது. அம்மா இதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். முகாமின் 57 பைசா அரிசியின் வாடை, ஆள் எண்ணும் செக்கிங் வரிசையில் வெயிலில் நின்றது, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தது, இதையெல்லாம் அவர் சொல்ல நான் கேட்டதில்லை.

ஆனால் நம் பேச்சு மாறியது சிரிப்புக்குப் பயந்து இல்லை ஜூட். உன் மகளுடைய கதையும் நம்முடையதும் அங்கேதான் பிரிகிறது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாளிலிருந்து முகாமுக்கு வெளியே போனால் வாயைத் திறக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். திறந்தே ஆகவேண்டும் என்றால் 'ஓம்' என்று சொல்லக்கூடாது, 'ஆமா' என்று சொல்லவேண்டும். அம்மா எங்களை உட்காரவைத்துப் பழக்கினார். 'கதைக்கிறது இல்லை, பேசுறது. பேந்து இல்லை, அப்புறம்.' வாய்ப்பாடு மாதிரி. அவருக்கே அது வரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டால் அம்மா என் தோளைத் தட்டுவார், நான் ஊரின் பெயரைச் சொல்லுவேன். ஒன்பது வயதில் அந்தக் குடும்பத்துக்கு வாய் நான்தான். பஸ்ஸில் யாராவது உரக்கத் திட்டிப் பேசினால் வெளியே மரத்தை எண்ணுவேன். அவர்கள் கோபமும் பொய் இல்லை. அந்தப் பயத்தில் படித்த தமிழைத்தான் இப்போது என் பிள்ளைகள் தாய்மொழியாகப் பேசுகிறார்கள், அதுவும் எவ்வளவு வடிவாக!

நான் வீட்டுக்குள் ஒரு பேச்சு, வேலைக்குப் போன இடத்தில் ஒரு பேச்சு. மேஸ்திரியோடு போனில் பேசும்போது நான் வேறு ஆள் மாதிரி இருக்கிறேன் என்று மகள் சொல்கிறாள். எந்தப் பேச்சு நடிப்பு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏணியில் நிற்கும்போது கால் வழுக்கினால் மட்டும் 'ஐயோ அம்மோய்' என்று நம் பேசாலை ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது.

படகு பற்றி நீ கேட்டிருந்தாய். உன் மகளுக்குச் சொல்ல உனக்கே சரியாக ஞாபகம் இல்லை என்றாய். நீங்கள் நேரே தனுஷ்கோடியில் இறங்கினீர்கள், அதிர்ஷ்டக்காரர்கள். எங்களை 1990 ஆகஸ்டில் படகோட்டி ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, நேரே நடந்தால் றோட்டு வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். எனக்கு எட்டு வயது. இந்தியா இவ்வளவு சின்னதா என்று அப்பாவிடம் கேட்டேனாம். அங்கர் டின் ஒன்றை அவர் மடியை விட்டு இறக்கவே இல்லை. பால்மா என்று நினைத்துக்கொண்டு தங்கச்சி அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். உள்ளே இருந்தது எங்கள் பிறப்புப் பத்திரமும் காணி உறுதிப் பத்திரமும். மத்தியானம் ராமேஸ்வரத்து மீனவர்கள் ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் விட்டார்கள், ஆளுக்கு ஒரு பிடி சோறும் கொடுத்தார்கள். மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. இந்தியாவில் முதலில் தின்றது அது என்பதாலோ என்னவோ, இன்றைக்கும் எனக்குக் குழம்பு புளித்தால்தான் பிடிக்கிறது.

2022 மார்ச்சில் அங்கே பெட்ரோலும் பால்மாவும் இல்லாமல் சனம் திரும்பவும் படகேறி வந்ததே, அப்போது மணல் திட்டில் சிக்கியவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டு வந்ததை டிவியில் காட்டினார்கள். ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. அம்மா எழும்பிப் போய் டிவியை அணைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நீ போன வருஷம் போன பயணத்தை நினைத்துப் பார்க்கிறேன். திருச்சியில் ஏறி ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ஒரு இரவும் ஒரு பகலும் கடந்து வந்த கடலை உன் மகள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள்.

வீடியோவுக்கு நன்றி. தலைமன்னாரில் இருந்து வேலை மெனக்கெட்டு ரயிலேறி, பேசாலையில் இறங்கி எங்கள் வீட்டு வளவைத் தேடிப் பிடித்திருக்கிறாய். படலையிலிருந்து கிணற்றுக்குப் பன்னிரண்டு எட்டு என்று நடந்து காட்டினாய். ஜூட், நான் அதை நாலு தரம் போட்டுப் பார்த்தேன். என் ஞாபகத்தில் அது ஒரு பயணம். அரை வாளித் தண்ணீர் தூக்கி வந்தால் நடுவில் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பேன். முருங்கை மரத்தடியில் ஒன்று, கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று. பன்னிரண்டு எட்டுக்குள் இரண்டு தங்குமிடம்! முப்பத்தைந்து வருஷமாக என் பிள்ளைகளுக்கு நான் எந்த வளவைப் பற்றிச் சொல்லி வந்தேன் என்று இப்போது எனக்கே சந்தேகம். அம்மாவிடம் காட்டினேன். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை, பின்னால் நடந்துபோன கழுதையைத்தான் பார்த்தார். 'இன்னும் நிக்குதுகள்' என்றார், அவ்வளவுதான்.

இங்கத்தைய செய்தி கொஞ்சம். பழைய வரிசையை இடித்துவிட்டுப் புது வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், உனக்குப் படம் அனுப்பினேன். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்களே, ஆட்டோக்காரரிடம் அகதி முகாம் என்று சொன்னால்தான் இன்னும் வண்டி வந்து சேர்கிறது. செப்டம்பரில் டெல்லியில் ஒரு ஆணை போட்டார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த நம் ஆட்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லை. முகாமில் ஒருவர் லட்டு வாங்கிக் கொடுத்தார். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம். லட்டைத் தின்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னோம். என் மகன் இங்கேதான் பிறந்தான், இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனால் 1987 ஜூலையிலிருந்து பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். கொட்டப்பட்டு முகாமில் ஒரு பெண், மண்டபத்தில் 1986இல் பிறந்தவர், கோர்ட்டுக்குப் போய் வென்று போன வருஷத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு மகன், 'ஏம்ப்பா நீங்க கொஞ்சம் முன்னாடியே வரலை' என்றான். அப்போது எனக்கு நாலு வயது என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பேச்சுப் பழக்குகிறேன் என்று நீ உட்கார்ந்துவிடாதே. எங்கள் அம்மா செய்தது உயிருக்குப் பயந்து. உனக்கு இப்போது அந்த அவசரம் இல்லை. சிங்களப் பாடம்தான் அவசரம். மற்றப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலிருந்தே படித்து வந்தது, இவள் எட்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வாள்? அதற்கு ஒரு ரியூசன் பார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. 'ரொம்ப' என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவளோடு சேர்ந்து இரண்டு பிள்ளைகளும் சொல்லத் தொடங்கினால் அப்புறம் சிரிக்க யார் மிச்சம்? நம் வகுப்பில் கடைசியில் திருச்சிப் பையன்கள் 'கெதியா வாடா' என்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா?

காணி உறுதியின் பிரதி இதோடு வைத்திருக்கிறேன். தண்ணீர் பட்ட இடத்தில் எழுத்து ஊறியிருக்கும், மற்றபடி வாசிக்கலாம். வசதிப்பட்டால் மன்னாருக்குப் போய்க் கச்சேரி ஆபீசில் காட்டி, அப்பா பெயரில்தான் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார். செராக்ஸ் எடுக்கப் போன மகனிடம் இதைச் சொன்னேன். காணிப் பத்திரத்தைக் காட்டினால்தான் அங்கே கச்சேரி கேட்க விடுவார்களா, யார் பாடுகிறார்கள் என்று கேட்கிறான்.

அன்புடன்,
சூசை