சர்வே நம்பர் போடுறீங்க, தெரு பேரையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உள்பக்கத்துல, டெண்டர் விளம்பரத்துக்குக் கீழ, பொடி எழுத்துல ஒரு நில உபயோக மாற்ற அறிவிப்பு வந்திருந்துச்சு. இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை சதுர மீட்டர், இதை தொழிற்சாலை உபயோகத்துக்கு மாத்தச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கு, ஆட்சேபனை இருந்தா எழுத்துல குடுங்க, அவ்ளோதான். நாலு தடவை படிச்சும் அது எந்த இடம்னு எனக்குப் பிடிபடல. எங்க வீட்டுப் பட்டாவை எடுத்து சர்வே நம்பரை ஒத்துப் பாத்தேன், இ-சேவை மையத்துக்குப் போய் எஃப்எம்பி ஸ்கெட்ச், அதாவது நில அளவை வரைபடம், எடுத்தேன், அப்பதான் தெரிஞ்சது, எங்க தெரு முடியுற இடத்துல பசங்க சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவாங்களே அந்தக் காலி இடம்தான் அது. எங்க தெருவுல 40 வீட்டுக்கு மேல இருக்கு, ஒருத்தருக்கும் இது தெரியாது. அத்தனை பேர் வீட்டுலயும் தினமும் ஏதோ ஒரு பேப்பர் வருது.

மூணு வருஷத்துக்கு முன்னாடின்னா நானும் அந்த அறிவிப்பைப் பாத்திருக்க மாட்டேன். இப்போ தேடித்தேடிப் படிக்கிறேன்னா அதுக்குக் காரணம் பக்கத்து மனை.

எங்க வீடு சென்னை புறநகர்ல. பக்கத்து ஒரு கிரவுண்டு மனை 2022ல கை மாறுச்சு, வாங்கினவர் கட்ட ஆரம்பிச்சார், நாங்களும் சந்தோஷமாத்தான் இருந்தோம், காலி மனையா இருந்தா பாம்பு வரும் குப்பை கொட்டுவாங்க. பில்லர் எழும்பினப்பவே என் வீட்டுக்காரர் சொன்னார், என்ன இது சுவர் ஓரமாவே வருதேன்னு. மேஸ்திரிகிட்ட கேட்டா ப்ளான் அப்ரூவல் எல்லாம் இருக்கும்மா, நீங்க கவலைப்படாதீங்கன்னார். அப்ரூவல் இருந்தது நிஜம்தான். அந்த ப்ளான்ல என்ன இருந்துச்சுங்கறதைத்தான் எங்களுக்கு யாரும் காட்டல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதிப் போட்டு, முதல் மனுவுக்குப் பதில் வராம மேல்முறையீடு போட்டு, ப்ளான் காப்பி கைக்கு வர்றதுக்குள்ள அங்க ரூஃப் கான்கிரீட் போட்டு முடிச்சிட்டாங்க.

ப்ளான்ல இருந்தது ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கீழ தூண் மட்டும் நிறுத்தி கார் விடுற திறந்த தளம், அதுக்கு மேல ரெண்டு மாடி, நாலு வீடு, எங்க பக்கம் 5 அடி செட்பேக், அதாவது எல்லையை ஒட்டி விட வேண்டிய காலி இடம். கட்டினது என்னன்னா, ஸ்டில்ட்டை சுத்தி செங்கல் வெச்சு மூடி ரெண்டு ஷட்டர், மேல மூணு மாடி, அதுக்கு மேல ஒரு தகர ஷெட். செட்பேக்கை நான் டேப் வெச்சு அளந்தேன், ஒன்றரை அடி கூட இல்ல. என் சமையல்கட்டு ஜன்னல்ல கைய நீட்டினா அந்த சுவரைத் தொடலாம். பகல் பன்னண்டு மணிக்கு லைட் போட்டுத்தான் அரிசி களையுறேன். கார் நிறுத்தணும்னு போட்டிருந்த அந்த இடத்துல இப்போ கேன் தண்ணி கம்பெனி ஓடுது, போர் போட்டு தண்ணி எடுத்து சுத்திகரிச்சு கேன்ல பிடிக்கிறாங்க, விடியக்காலை நாலரைக்கு லோடு வண்டி ரிவர்ஸ்ல வர்ற சத்தத்துலதான் என் மாமியார் முழிக்கிறாங்க, அவங்களுக்கு 78 வயசு. எங்க கிணத்துல சித்திரையிலயும் தண்ணி இருக்கும், போன ரெண்டு கோடையா அடி தெரியுது.

புகார் குடுத்தேன். குடுக்காம இல்ல. ஆபீஸ்ல இருந்து வந்தாங்க, அளந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, நகர் ஊரமைப்புச் சட்டம் 56வது பிரிவுன்னு போட்டு, 30 நாள் டைம் குடுத்து கேட்டுலயே நோட்டீஸ் ஒட்டினாங்க. நான் அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன். அப்புறம் அந்த 30 நாள் போச்சு, நோட்டீஸ் மழையில கிழிஞ்சு போச்சு, கேட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சாங்க. போய்க் கேட்டா, பக்கத்து மனைக்காரர் 80-ஏ பிரிவுல அரசுக்கு மேல்முறையீடு பண்ணிருக்கார், ஃபைல் கோட்டைக்குப் போயிருக்கு, பதில் வர்ற வரைக்கும் நாங்க கை வைக்க முடியாதுன்னாங்க. எப்போ வரும்னு கேட்டா அது எங்க கையில இல்லம்மான்னாங்க. இது 2023ல நடந்தது, இன்னைய வரைக்கும் அதே பதில்தான். மேல்முறையீடு பண்றது அவர் உரிமை, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா மேல்முறையீட்டை எத்தனை நாள்ல முடிக்கணும்னு ஒரு கெடு வெச்சு அதை கடைப்பிடிக்க வேணாமா, அந்த ஃபைல் அங்க தூங்குற ஒவ்வொரு மாசமும் கேன் கம்பெனிக்கு வருமானம், எங்களுக்கு இருட்டு.

எங்க அண்ணன் அதே வருஷம் வேற ஏரியாவுல வீடு கட்டினார். ப்ளான்ல இருக்கிறபடி நாலு பக்கமும் செட்பேக் விட்டார், அதனால ஒரு ரூம் சின்னதாப் போச்சு, அண்ணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. பக்கத்து மனைக்காரரோட கான்ட்ராக்டர் எங்கிட்ட நேராவே சொன்னார், எத்தனை ஸ்கீம் வந்திருக்கும்மா, இன்னொன்னும் வரும், பணம் கட்டி ரெகுலரைஸ் பண்ணிக்குவோம்னு. நான் வீட்டுக்கு வந்து பழைய விஷயமெல்லாம் தேடிப் படிச்சேன், அவர் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. அதே நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்து 1999 பிப்ரவரி 28க்கு முன்னாடி கட்டின விதிமீறலுக்கெல்லாம் பணம் கட்டி வரன்முறை, அதான் அந்த ரெகுலரைஸ், பண்ணிக்கலாம்னாங்க, ஒரே ஒரு தடவைன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சது, அப்புறம் தேதியைத் தள்ளிக்கிட்டே போனாங்க, 2006ல ஹைகோர்ட்டு ஒரு தடவைன்னா ஒரு தடவைதான்னு அந்த நீட்டிப்பை ரத்து பண்ணுச்சு. அப்புறம் 2012ல 113-சி வந்துச்சு, 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டினதுக்கு. இதுக்கு நடுவுலயே, அரசு இஷ்டத்துக்குக் குடுத்த 62 விதிவிலக்கு ஆணைகளை 2000ல சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணியிருக்கு. கோர்ட்டு சொல்லிக்கிட்டே இருக்கு, புதுப்புது தேதி வந்துக்கிட்டே இருக்கு. இதைப் பாத்து வளர்ந்த கான்ட்ராக்டர் வேற எப்படிப் பேசுவார்?

மனை விஷயத்துல மட்டும் ஒரு தடவை நிஜமாவே பிரேக் போட்டாங்க. 2016 செப்டம்பர்ல அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு ஹைகோர்ட்டு சொன்னப்போ ரிஜிஸ்டர் ஆபீஸே வெறிச்சோடுச்சு. அடுத்த வருஷம் வரன்முறை விதி வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உள்ளதுக்குப் பணம் கட்டச் சொன்னாங்க. என் கொழுந்தனார் 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொன்னதை நம்பி வாங்கின மனைக்கு அப்படித்தான் கட்டினார். லேஅவுட் போட்டு வித்துட்டுப் போனவங்க ஒரு பைசா கட்டல, கட்டினது எல்லாம் நகையை அடகு வெச்சு முக்கா கிரவுண்டு வாங்கினவங்க. அதனால இடிங்க இடிங்கன்னு நான் கத்தல. தெரியாம ஏமாந்தவங்களையும், ப்ளானைக் கையில வெச்சுக்கிட்டே அதுக்கு மாறாக் கட்டினவங்களையும் ஒரே தராசுல வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அனுமதி இருந்தா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. சென்னை பக்கத்துல மௌலிவாக்கத்துல 2014 ஜூன் 28 அன்னைக்கு இடிஞ்சு விழுந்த 11 மாடி அனுமதி வாங்கிக் கட்டினதுதான், 61 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பிழைக்க வந்த கூலி ஜனங்க. பக்கத்துல நின்ன இன்னொரு டவரை 2016 நவம்பர்ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. ப்ளான்ல கையெழுத்துப் போடுறதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு அதைவிட என்ன சொல்லணும், கட்டும்போது வந்து பாக்கணும், பாத்ததை எழுதி வைக்கணும்.

இதைத்தான் சுப்ரீம் கோர்ட்டும் 2024 டிசம்பர் 17 தீர்ப்புல சொல்லியிருக்கு. மீரட் நகரத்துல குடியிருப்பு மனையில கடை கட்டின கேஸ் அது, ஆனா உத்தரவு நாடு முழுக்கத்தான். அனுமதிச்ச ப்ளானை, கட்டடம் கட்டி முடியுற வரைக்கும், சைட்டுலயே எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கணும், அதிகாரிங்க அப்பப்போ போய்ப் பாத்து ரெக்கார்டு பண்ணணும், ப்ளான்படி கட்டி முடிச்சதுன்னு குடுக்கிற கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லாம கரண்டு, தண்ணி, சாக்கடை கனெக்‌ஷன் குடுக்கக்கூடாது, கடமை தவறின அதிகாரி மேல துறை நடவடிக்கை எடுக்கணும். நான் இதைப் படிச்சப்போ முதல் விஷயம் மட்டும் நடந்திருந்தாலே போதும்னு தோணுச்சு. பில்லர் எழும்பினப்போ ப்ளான் அங்க தொங்கியிருந்தா, என் வீட்டுக்காரர் டேப் எடுத்துக்கிட்டுப் போய் அன்னைக்கே அளந்திருப்பார். அப்போ மாத்தியிருந்தா அவருக்கு நாலு பில்லர் செலவு. இப்போ இடிக்கச் சொன்னா கோடி ரூபா கட்டடம், அதுல வாடகைக்கு நாலஞ்சு குடும்பம், யாருக்கும் மனசு வராது, எனக்கே வரல.

எங்க ஏரியாவுல இப்போ ஏழெட்டு இடத்துல வேலை நடக்குது, காலையில வாக்கிங் போறப்போ ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போவேன். பச்சை வலை கட்டியிருக்கும், சிமெண்ட் கம்பெனி போர்டு தொங்கும், திருஷ்டி பூசணிக்கா தொங்கும். ப்ளான் ஒரு இடத்துல கூட இல்ல.

2024 ஜூலையில சுயசான்று திட்டம் வந்துச்சு, 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா ஆன்லைன்ல உடனே அனுமதி, யாரும் இடத்தை வந்து பாக்க வேண்டியதில்ல. நடுத்தர ஜனங்களுக்கு நல்ல விஷயம், ஆபீஸ் ஆபீஸா அலையிற வேலை மிச்சம், நான் வரவேற்கிறேன். ஆனா முன்னாடி பாக்கலைன்னா பின்னாடியாவது பாக்கணும் இல்லியா, அந்த மிச்சமான நேரத்துல பொறியாளர்கள் தெருவுல இறங்கணும்.

சென்னையோட மூணாவது மாஸ்டர் பிளான் தயாராகிட்டு இருக்கு, 2046 வரைக்குமானது. எது குடியிருப்பு, எது கடை, எது தொழிற்சாலைன்னு கலர் கலரா பிரிச்சு மேப் போடுவாங்க. அந்த மேப்பை ஒவ்வொரு வார்டு ஆபீஸ்லயும் தமிழ்ல, தெருப் பேரோட மாட்டுங்கன்னு கேக்குறேன். நில உபயோக மாற்றம்னா பேப்பர் அறிவிப்போட நிறுத்தாம அந்த இடத்துலயே ஒரு போர்டு வைங்க, சுத்தி இருக்கிற வீடுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது குடுங்க.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் இருக்கு ஐயா. இந்த அறிவிப்பெல்லாம் காசு வாங்கிப் போடுற விளம்பரம்தான்னு எனக்குத் தெரியும், வாசகத்தை நீங்க மாத்த முடியாது. ஆனா விளம்பரம் வாங்கும்போது தெருப் பேரு, பக்கத்துல தெரிஞ்ச ஒரு கோயிலோ ஸ்கூலோ சேர்த்துக் குடுங்கன்னு நீங்க கேட்டா குடுப்பாங்க. ஒரு வரி கூடும், அவ்ளோதான்.

அந்தக் காலி இடத்துக்கான ஆட்சேபனையை நானே கைப்பட எழுதிட்டேன். ரெண்டு நாளா சாயங்காலம் வீடு வீடாப் போறேன், இதுவரைக்கும் 17 வீட்டுல கையெழுத்துப் போட்டிருக்காங்க, கேன் கம்பெனிக்கு மேல வாடகைக்கு இருக்கிற ரெண்டு குடும்பமும் அதுல உண்டு. திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை புறநகர்