கல்லூரிக் கபடிக்கு ரெய்டு பயிற்சியாளர் தனியாக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் தோற்றுத் திரும்பினால், கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எல்லாக் கல்லூரியிலும் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "ரெய்டர் சரியில்லை." எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு புகுந்து, ஆளைத் தொட்டுத் திரும்புவதுதான் ரெய்டு; போகிறவர் ரெய்டர். அந்தப் பையனுக்கு ரெய்டு சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. உடற்கல்வி இயக்குநர் ஒருவரே இருப்பார். காலையில் தடகளம், சாயங்காலம் கைப்பந்து, நடுவில் கிடைத்த நேரத்தில் கபடி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாக்கி ஆடுவதை மட்டும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும், அது ஒரு தொழிலாகவே வளர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தத் தொழில் வெகுகாலமாக இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அவர்களுடைய ஃபுட்பாலில், தாக்குவதற்குப் பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். தாக்குகிற பக்கத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர். அவருக்குக் கீழே பந்து எறிபவருக்கு, ஏந்தி ஓடுபவருக்கு, எட்டிப் பிடிப்பவருக்கு, முன்வரிசைக்கு என்று தனித்தனிப் பயிற்சியாளர்கள். முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராகச் சேர்கிறவர் எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வெட்டி அடுக்குவதில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறுகிறார். மைக் லீச் என்பவர் கல்லூரி அணியில் ஃபுட்பால் ஆடியதே இல்லை; சட்டம் படித்தவர். 1987இல் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் உதவியாளராக நுழைந்து, பின்லாந்துவரை போய்ப் பயிற்சி கொடுத்து, சிறிய கல்லூரிகளில் பல ஆண்டுகள் தாக்குதலைக் கவனித்து, 1999இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகி, 2000இல் டெக்சாஸ் டெக் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் வைத்திருந்த ஆட்டத் திட்டங்கள் கொஞ்சம்தான். அவற்றையே வெவ்வேறு அணிவகுப்பில் நிறுத்தி, பையன்கள் யோசிக்காமலே செய்யும்வரை திரும்பத் திரும்ப ஆடவைத்தார். ரெய்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

நம் ரெய்டர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. 2014இல் புரோ கபடி வந்த பிறகு, தொலைக்காட்சியில் பார்க்கும் டூப்கி (பிடிக்க வருபவரின் கைக்கு அடியில் குனிந்து நழுவுவது), தவளைத் தாவல், தேள் உதை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பழகப் பார்க்கிறார்கள். ஒரு ரெய்டருக்கு நான்கு வித்தைகள் போதும்: ஓடித் தொடும் கை, கால்விரல் தொடுதல், பின்னுதை, போனஸ் (எதிரணிக் களத்தில் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் ஊன்றி எடுக்கும் புள்ளி). நான்கும் தேறிய பிறகு, உடல்வாகைப் பார்த்து ஐந்தாவதைச் சேர்க்கலாம்.

போனஸில்தான் புள்ளி அதிகம் வீணாகிறது. ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் கோடு (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், போனஸ் கோடு அதற்கு மேல் 1 மீட்டர். பெண்களுக்கு நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரும் 4 மீட்டரும். எதிரே ஆறு பேராவது இருக்க வேண்டும். ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பையன் கால் வைத்துவிட்டுக் கையைத் தூக்குவான், நடுவர் இல்லை என்று தலையாட்டிவிடுவார். பின்கால் தரையிலேயே இருந்திருக்கும். கார்னர் ஆட்டக்காரர் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) கணுக்காலைப் பிடிப்பார் என்ற பயத்தில் தூரத்திலிருந்தே காலை நீட்டுகிறான். கால்கள் அகன்றுவிட்டால் உடல் பாரம் பின்காலிலேயே தங்கிவிடும், எப்படித் தூக்குவான்? கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்வரை குறுநடையில் போய், அங்கிருந்து எட்டிவைக்கப் பழக்க வேண்டும். அந்த இடத்தில் நாடா ஒட்டி, எதிரில் கார்னருக்கு ஓர் ஆளையும் நிறுத்தி, தினம் முப்பது முறை. இதை உட்கார்ந்து எண்ணிப் பார்க்க ஆள் இல்லாததுதான் குறை.

களம் மாறுவதும் சிக்கல். நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) விளக்குக் கட்டி நடத்தும் இரவுப் போட்டிகளில் வெறுங்காலோடு செம்மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள் இவர்கள். மண்ணில் பின்னுதை விடும்போது ஊன்றிய கால் தானே வழுக்கித் திரும்பிக்கொடுக்கும். போட்டிக் களத்தின் மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்கிறது. உடல் திரும்ப, பாதம் திரும்பாமல், முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. குதிகாலை எடுத்து முன்பாதத்தில் சுழலச் சொல்லித்தர இரண்டு வாரம் ஆகும். அதுவரை மேட் விரிப்பில் முழு வேக உதை கூடவே கூடாது.

களத்தில் எடுக்கும் முடிவும் பயிற்சிதான். ஆண்கள் ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 நொடி. முழு நேரமும் ஓடினாலும் ஓர் அணிக்குச் சுமார் 40 ரெய்டு வரும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி போதும்: எதிரே எத்தனை பேர், எந்தப் பக்கம் புகுந்தான், எத்தனையாவது நொடியில் தொட்டான், யார் பிடித்தார், எங்கே பிடித்தார். ஐந்து ஆட்டம் எழுதினால் பையனின் பழக்கம் தெரிந்துவிடும். வலப்பக்கம் மட்டுமே திரும்புகிறான், அல்லது இருபது நொடி சும்மா அலைந்து கடைசியில் பாய்கிறான். ஒருவரையும் தொடாமல் லாபியில் (களத்தின் இரு பக்க ஓரப் பட்டையில்) மிதித்து அவுட் ஆவதும் இந்த நோட்டில்தான் பிடிபடும்.

புரோ கபடி பாணி விதியுள்ள போட்டிகளில் கணக்கு இன்னும் கூர்மையாக வேண்டும். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது மாட்டினால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. இரண்டும் ஒரே ரெய்டில் வந்து சேராதபடி, வெறும் ரெய்டை எப்போது விடுவது என்று ஓரத்திலிருந்து எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும். மூச்சு வாங்க நிற்கும் பையனால் அதை எண்ண முடியாது.

ஆள் கிடைக்காது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம் மாருதி கல்லூரியில் உடற்கல்வி படித்தவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஓராண்டுப் பயிற்சியாளர் பட்டயமும் உண்டு. ஆனால் முடித்து வந்தால் அவர்களுக்கு இங்கே உட்கார நாற்காலி இல்லை. இயக்குநர் பதவிக்கு முதுகலையும் நெட் தேர்வும் கேட்கிறார்கள். அது நிர்வாகப் பதவி. பயிற்சி மட்டும் கொடுக்க விரும்புகிறவர், பள்ளி வேலையோ வேறு தொழிலோ தேடிப் போய்விடுகிறார். கல்லூரி நிர்வாகங்கள் முதல் கட்டமாக, போட்டிக் காலத்தையும் அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் சேர்த்து ஒப்பந்தச் சம்பளத்தில் ஒரு ரெய்டு பயிற்சியாளரை எடுக்கட்டும். பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்கள் அந்த அனுபவத்தைச் சான்றாக ஏற்கட்டும். அப்போது உதவியாளராகச் சேர்ந்தவர் பல்கலைக்கழக அணிவரை போக வழி பிறக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கோப்பைகளையும் பதக்கங்களையும் மட்டும் பார்க்க வேண்டாம். ஓர் ஆட்டத்தின் பதிவைக் கையில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ரெய்டு நோட்டை எழுதி, அந்த ரெய்டருக்கு அடுத்த வாரம் என்ன பயிற்சி என்று சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.